துடைப்ப வடிவக் குறுமரங்களும் விண்பதியமும்

மரப்பட்டையின் இயல்பைக் கத்திமுனையால் அறிந்த மக்கள் மிகுந்திருக்கும் பிரதேசம் தமிழ்நாட்டில் எது என்று கேட்டால், மார்த்தாண்டத்தையும் அதனைச் சூழ்ந்த விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களையுமே முதலில் சொல்ல வேண்டும். விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துக்குள் புகும் பால்வெட்டுத் தொழிலாளி, பட்டையினுள்ளே பால்குழல்கள் நெருங்கி ஓடும் ஆழம் வரையில் கத்தியைச் செலுத்தி, கட்டையைத் தழுவி நிற்கும் மெல்லிய வளர்படலத்தைத் தீண்டாதபடி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அதுமட்டுமின்றி, வெட்டு மரத்தின் சுற்றளவில் பாதியை மட்டுமே சுற்றிச் செல்லுமாறு சாய்வாக இழுத்து, மறுபாதிப் பட்டையை இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் வழியாக விட்டுவைக்கிறார். இவ்விரண்டு எச்சரிக்கைகளையும் முற்றிலும் தலைகீழாக்கினால் கிடைப்பதே விண்பதியம். பட்டையை முழு வட்டமாக எடுத்து, வளர்படலத்தையும் மீதமின்றிச் சுரண்டிவிட்டு, இறங்கும் உணவு ஓரிடத்தில் தேங்கும்படி செய்தால், கிளை தான் மரத்தின் உறுப்பு என்பதை விட்டுத் தானே ஒரு மரமாவதற்கு ஆயத்தப்படுகிறது. ஒரு மரத்தின் ஆயுளைக் காப்பதற்காகக் கற்ற அறிவைக்கொண்டே மற்றொரு மரத்தைப் பிறப்பிக்கலாம் என்னும் இந்தப் பொருத்தம், இங்கே ஆராயப் புகும் விஷயத்துக்கு மார்த்தாண்டத்தை மிகவும் உரிய களமாக்குகிறது.

ஆராய வேண்டிய கேள்வி இது: சிறு தொட்டியில் அடங்கும் போன்சாய் மரங்களுள், துடைப்ப வடிவம் எனப்படும் நேர்மையும் எளிமையும் பொருந்திய வடிவத்தை, விதையிலிருந்தோ போத்திலிருந்தோ தொடங்காமல் விண்பதியமிட்ட கிளையிலிருந்து உருவாக்குவது நம்முடைய இரட்டை மழைப் பருவமுள்ள நாட்டில் எவ்வளவு தூரம் சாத்தியம், அதற்கு எந்த மரங்கள் இசைவானவை, எந்த நிலையில் மனிதனுடைய கைவேலை தீர்மானமானதாக அமைகிறது?

வடிவத்தின் லட்சணத்தை முதலில் பார்ப்போம். ஈர்க்கு வாரியலைக் கைப்பிடி கீழாக நிறுத்தினால் எப்படித் தோன்றுமோ அப்படி, வளைவற்ற குட்டையான அடிமரமும், அதன் உச்சியில் ஒரே பகுதியிலிருந்து நாற்புறமும் மேல்நோக்கி விரியும் கிளைகளும், ஒன்றும் மற்றொன்றை மிஞ்சாமல் எல்லாம் கூடி அரைவட்டமாக மூடும் முடியும் இதற்கு உரியவை. ஜப்பானியர் இவ்வடிவத்தை ஹோக்கிதாச்சி என்கிறார்கள். அவர்களுக்கு இதன் மூலமாதிரி கெயாகி என்னும் ஜெல்கோவா மரம். டோக்கியோவின் ஓமோதெசாண்டோ வீதியிலும் செண்டாய் நகரத்து நிழற்சாலையிலும் அம்மரங்கள் வானத்தை நோக்கிக் கை விரித்ததுபோல் வரிசையாக நிற்கின்றன. 1923-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு நீங்கிய போன்சாய்க் கலைஞர்கள் 1925-இல் ஓமியாவில் அமைத்த குடியிருப்பு இன்றளவும் இக்கலையின் தலைமைப் பீடமாக மதிக்கப்படுகிறது. அங்கே துடைப்ப வடிவம் என்றாலே ஜெல்கோவாதான் என்று கொள்ளும் அளவுக்கு இரண்டும் ஒன்றிப் போய்விட்டன.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஜெல்கோவா இலையுதிர் மரமாதலால், குளிர்காலத்தில் அதன் கிளைப்பின்னல் முழுவதும் வெறுமையாய்த் தெரிகிறது. ரசிகர்கள் காண விரும்புவதும் அந்தப் பின்னலைத்தான். நம்முடைய மரங்களுள் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்பவை. ஆகையால் ஜப்பானியருடைய அழகின் அளவுகோலை அப்படியே இங்கே பிரயோகித்தல் பொருந்தாது. இலை மூடிய முடியின் திரட்சியும், அம்முடிக்கும் அடிமரத்துக்கும் உள்ள விகிதமும், வேர் மண்ணைப் பற்றும் விதமுமே இங்கே பிரதானமாகின்றன. நம் பழைய சாலையோரத்துப் புளியமரத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருத்துக் குறுகிய அடியும், அடர்ந்து கவிந்த முடியும், அதன் கீழ் இருண்ட நிழலுமாக அது தருகிற காட்சியே நமக்குரிய துடைப்ப வடிவம் என்பது என் துணிபு.

இவ்வடிவத்தை அடையும் வழிகள் மூன்று. விதையிட்டு நாற்றை ஓரடி வளரவிட்டு உச்சியை வெட்டி, மறுபடி வளரவிட்டு மறுபடி வெட்டுவது முதல் வழி. குறைபாடற்ற மரம் கிடைப்பதற்கு இதுவே உத்தமம் எனினும், விரற்கடை பருமனுள்ள அடிமரத்துக்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வளர்ந்த தண்டினை மட்டமாகவோ நடுவில் சரிவாகப் பள்ளம் விழும்படியோ அறுத்து, வெட்டுவாயைச் சுற்றிலும் முளைக்கும் துளிர்களையே கிளைகளாக்குவது இரண்டாவது வழி. ஜெல்கோவாவில் ஜப்பானியர் மிகுதியும் கையாள்வது இதனையே; துளிர்கள் ஒரே வட்டத்தில் கூட்டமாக எழுவதால் அவ்விடம் வீங்கி, மேல் பருத்துக் கீழ் சிறுத்துப் போகாதபடி, வெட்டின் கீழே தண்டைச் சுற்றி நாரினால் இறுகக் கட்டிவைக்கிறார்கள். இவ்வழியில் கிளைகள் கிடைக்கின்றன. ஆனால் வேர்ப்பரப்பு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் வெறுமையாகவும். மூன்றாவது வழியாகிய விண்பதியம் ஒன்றே அடியையும் முடியையும் ஒருங்கே நம் தெரிவுக்கு உட்படுத்துகிறது. கவை எங்கே பிரிகிறது, அதற்குக் கீழே எத்தனை அங்குலத்தில் வேர் தொடங்க வேண்டும் என்பதை மரம் பிறப்பதற்கு முன்பே நாம் நிச்சயிக்கிறோம். வளையத்தின் மேல்விளிம்பு முழுவட்டமாகவும் ஒரே மட்டமாகவும் இருந்தால், வேர்களும் அந்த விளிம்பிலிருந்து நாலாபக்கமும் ஆரங்கள்போல் கிளம்புகின்றன. சமச்சீரையே உயிராகக் கொண்ட துடைப்ப வடிவத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இது நிகழும் காரணத்தை அறிஞர்கள் நெடுநாள் தேடினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் மால்பீஜி, கிளையில் பட்டையை வளையமாக நீக்கிவிட்டால் வளையத்துக்கு மேலே பட்டை தடித்து வீங்குவதைக் கண்டு, இலைகளில் பக்குவமாகும் உணவு பட்டை வழியாகவே கீழிறங்குகிறது என்று ஊகித்தார். மண்ணிலிருந்து ஏறும் நீர் உட்கட்டை வழியே செல்வதால் வளையம் அதைத் தடுப்பதில்லை; ஆகையினால்தான் பதியமிட்ட கிளை வாடாமல் பல வாரங்கள் பசுமையாக நிற்கிறது. உணவு மட்டுமே வேரைப் பிறப்பிப்பதில்லை என்பது 1920-களின் இறுதியில் தெளிவாயிற்று. ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரிட்ஸ் வெண்ட் என்பவர், துளிர்முனையில் சுரந்து கீழ்நோக்கிப் பயணப்படும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைப் பிரித்துக் காட்டினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அப்பொருளே வேர்களைத் தூண்டுவது என்பதும், செயற்கையாகச் செய்யப்படும் இன்டோல் பியூட்ரிக் அமிலம் அதனினும் உறுதியாக வேர் பிடிக்கச் செய்வது என்பதும் நிறுவப்பட்டன. இன்று உரக்கடைகளில் வேரூக்கிப் பொடி என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் அடங்கியிருப்பது இந்த அமிலமே.

செய்முறையோ இந்த விளக்கங்களுக்கெல்லாம் மிக மூத்தது. சீனர் அதனைப் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டனர். வங்காளத்திலும் பீகாரிலும் லிச்சித் தோட்டக்காரர்கள் மண்ணும் பாசியும் பொதிந்து சாக்குத் துணியால் கட்டி, மேலே துளையிட்ட பானையைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நனைத்து வந்தார்கள். 1940-களில் பாலித்தீன் தாள் வந்தபின் பானைக்கு அவசியமில்லாமல் போயிற்று. ஈரம் உள்ளேயே நின்றுவிடுவதால் ஒருமுறை கட்டியதை வேர் தெரியும்வரை பிரிக்க வேண்டியதில்லை. கொய்யா, மாதுளை, எலுமிச்சை ஆகியவற்றில் நம் நாற்றங்கால்காரர்கள் இன்று செய்வது இதுவே.

இனி, என் கருத்தில் இந்தக் கேள்வி முழுவதற்கும் மையமாக நிற்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறுமரம் வளர்ப்போர் பலரும், பதியத்தை முதலில் வேர்விடச் செய்து, அறுத்துத் தொட்டியில் வைத்து, அதன்பிறகே அதை வடிவுக்குக் கொண்டுவரத் தொடங்குகிறார்கள். துடைப்ப வடிவத்துக்கு இந்த வரிசை தவறானது. தாய்மரத்தில் இருக்கும்போது கிளைக்குப் பின்னால் ஒரு முழு மரத்தின் வேர்பலம் நிற்கிறது. வெட்டினால் மறுவாரமே துளிர்க்கும். புதிய பதியமோ தன் உயிரைக் காத்துக்கொள்ளவே ஓராண்டு போராடும். ஆகவே வளையமிடுவதற்கு ஒரு பருவம் முன்னதாகவே, அதாவது மழைக்கு முந்திய மாசி, பங்குனி மாதங்களில், நேராக மேல்நோக்கி நிற்கும் கிளையொன்றைத் தெரிந்தெடுத்து, கவைக்கு மேலே ஒவ்வொரு கிளையையும் இரண்டு கணுக்கள் விட்டுக் கத்தரித்து, உள்நோக்கிய துளிரைக் கிள்ளி வெளிநோக்கியதை விட்டு, ஒரு கவை இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரியும்படி செய்துவிட வேண்டும். அப்படிச் செய்த கிளைக்குப் பிறகு வளையமிட்டால், அறுத்தெடுக்கும் நாளில் நம் கையில் வருவது வேர்விட்ட குச்சி ஆகாது. பாதி வளர்ந்த மரமாகவே வரும். பதியம் என்பது பெருக்கம் செய்யும் உபாயம் மட்டுமே என்று எண்ணுகிறவரையில் இந்த அனுகூலம் நம் கண்ணில் படுவதில்லை.

கிளையைத் தெரிந்தெடுப்பதிலும் சில நியாயங்கள் உண்டு. நான்கைந்து கிளைகள் ஒரே புள்ளியில் பிரியும் இடம் முதற்பார்வைக்குக் கவர்ச்சியாகத் தோன்றினாலும், அது சில ஆண்டுகளில் முண்டாகப் பருத்து அடிமரத்தையே மெலிந்ததாகக் காட்டிவிடும். சற்று முன்பின்னாக இரண்டு மூன்று கவைகள் அமைந்த இடமே நீடித்து அழகு தருவது. இருபது சென்டிமீட்டருக்கு உட்பட்ட குறுமரத்துக்கு, அடிப்பருமனைப் போல ஆறு மடங்கு உயரம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விகிதம். பெருவிரலைவிடச் சற்றுத் தடித்த, மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளை இதற்குப் போதும். வளையம் கவைக்கு ஏறத்தாழ ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே அமைதல் வேண்டும். அதற்கும் கீழே இட்டால் முடிக்குப் பொருந்தாத நெடுங்கழுத்து எஞ்சும். பிறகு அதை மாற்ற வழியில்லை.

வளையமிடும் காலம் நம் நாட்டில் இடவப்பாதி மழை தொடங்கி மண்ணும் காற்றும் குளிர்ந்தபிறகு, வைகாசி இறுதியிலிருந்து ஆனி முடியும்வரை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவங்களும் மழை தருவது குமரி மாவட்டத்தின் பெரும்பேறு. ஆனியில் வளையமிட்டு ஆவணியில் அறுத்த பதியம், ஐப்பசி மழையில் இரண்டாம் முறையாகப் பிழைத்துக்கொள்கிறது. மதுரையிலோ இராமநாதபுரத்திலோ உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு மட்டுமே உண்டு. கிளையின் பருமனைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை நீக்கி, வழுவழுப்பான படலம் ஒரு துளியும் மீதமின்றிக் கத்தியின் முதுகால் சுரண்ட வேண்டும்; பாலுள்ள ஆலினத்து மரங்களில் வடியும் பாலைத் துணியால் துடைத்து ஒருநாள் ஆறவிடுதல் நலம். சுரண்டுவதில் குறை வைத்தால் மேல்பட்டையும் கீழ்பட்டையும் பாலமிட்டதுபோல் மீண்டும் சேர்ந்துகொள்ளும். பதியம் வேர்விடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மேல்விளிம்பில் வேரூக்கியைத் தடவி, நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள தென்னை நார்த்தூளைப் பொதிந்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனையும் கட்ட வேண்டும். மேல்முனைக் கட்டு தளர்ந்தால் தண்டு வழியே மழைநீர் இறங்கி உள்ளே தேங்கி வேரை அழுகச் செய்யும். ரப்பர் மரத்தில் மழைமறைப்புக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த நுட்பம் புதிதன்று. எறும்பு கூடு கட்டுவதும் இங்கே சகஜம். அதற்கும் இறுக்கமான கட்டே பரிகாரம். தாளுக்கு மேல் கறுப்புத் துணியோ காய்ந்த வாழைச்சருகோ சுற்றிவைத்தால் வெயில் படாமலும், வேர் ஒளிக்கு அஞ்சாமலும் இருக்கும்.

ஆறு முதல் பத்து வாரங்களில் தாளின் உட்புறம் வெள்ளை வேர்கள் தென்படும். அந்தக் காட்சியைக் கண்டு அவசரப்படலாகாது. வெண்மை மாறிப் பழுப்பேறி, இரண்டாம் தர வேர்கள் பிரிந்தபிறகே அறுக்க வேண்டும். நார்த்தூளை உதறி வேரைச் சுத்தம் செய்ய முற்படுதல் பெருந்தவறு, ஏனெனில் அந்த வேர்கள் முளைக்கட்டிய பயற்றினும் மெல்லியவை. அப்படியே நார்ப்பொதியுடன், கீழே ஓட்டுத் துண்டொன்றை வைத்து அதன்மேல் இருத்தி, வேர்கள் கீழ்நோக்கி ஆழாமல் பக்கவாட்டில் பரவும்படி செய்து, இலைகளில் பாதியைக் களைந்து, மூன்று வாரம் நிழலில் வைத்தல் போதும். மண் கலவையில் நம் ஊரின் சரளைச் செம்மண்ணையும் செங்கல் நொறுக்கையும் மிகுதியாகவும், நார்த்தூளைக் குறைவாகவும் சேர்க்க வேண்டும்; ஐப்பசி அடைமழையில் நார்த்தூள் விடாமல் ஈரம் பிடித்து வைத்திருக்கும் குணம் பதியத்துக்குச் செய்த உபகாரத்தைத் தொட்டி மரத்துக்கு அபகாரமாக்கிவிடும்.

பயிற்சி முறையில் இரண்டு மரபுகள் மோதுகின்றன. கம்பி சுற்றிக் கிளைகளை வேண்டிய திசைக்கு வளைப்பது ஜப்பானிய வழக்கம். தென்சீனத்துக் குவாங்தோங் மாகாணத்தில் தோன்றிய லிங்னான் மரபோ, கம்பியைக் கூடியமட்டும் விலக்கி, வளரவிட்டு வெட்டி, வெட்டியபின் வளரவிட்டு, கத்தரிப்பினால் மட்டுமே கிளைக்குக் கோணமும் முதிர்ச்சியும் தருகிறது. வெப்பநாட்டு மரங்களில் கிளை மாதந்தோறும் தடிப்பதால் கம்பி சில வாரங்களிலேயே பட்டையைக் கடித்து வடுவாக்கும். ஆகையால் துடைப்ப வடிவத்துக்கு லிங்னான் வழியே நமக்கு ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜப்பானியர் இலையுதிர்ந்த காலத்தில் கிளைகளையெல்லாம் ஒன்றுகூட்டி நாரினால் கட்டி மேல்நோக்கிப் பயிற்றுவிப்பதுண்டு. இங்கே அதற்குத் தோவாளைப் பூக்கட்டுவோர் கையாளும் வாழைநாரைவிடச் சிறந்த பொருளில்லை. மென்மையாக இருக்கும், இறுகும்முன் தானே இற்றுவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் கட்டியிருக்க வேண்டியதும் இல்லை. அதன்பின் செய்ய வேண்டியவை, வலிமை மிகுந்து முந்தும் நடுத்துளிரை இடைவிடாமல் கிள்ளுதலும், தொட்டியை வாரந்தோறும் கால் சுற்று திருப்பி எல்லாப் பக்கமும் ஒளி பெறச் செய்தலுமே. வெயில் ஒரு பக்கமே விழுந்தால் அரைவட்ட முடி ஓராண்டில் சாய்ந்துவிடும்.

எந்த மரத்தைக் கொள்வது? இச்சி மரமும் வெள்ளாலும் விண்பதியத்துக்கு மிக எளிதில் இணங்குவன, வெட்டுக்கு அஞ்சாதன, இலையும் நாளடைவில் சிறுப்பன. முதலில் கற்பவர் இவற்றையே எடுக்கலாம். மைசூரில் அவதூத தத்த பீடத்தின் போன்சாய்த் தோட்டத்தைக் கண்டவர்கள், ஆலினத்து மரங்கள் தொட்டியில் எத்தகைய கம்பீரத்தை அடையக்கூடும் என்பதை அறிவார்கள். ஆனால் விழுது விடும் சுபாவமுள்ள மரத்தில் துடைப்பத்தின் தூய எளிமையைக் காப்பதற்கு விழுதுகளை ஓயாமல் நீக்கிவர வேண்டும். காட்டுக் கறிவேப்பிலை, சிற்றிலையும் வெண்மலரும் வழவழப்பான வெளிர்பட்டையும் உடையது. பதியத்தில் தாமதித்தாலும் முடிவில் தரும் பயன் மிகுதி. கொய்யாவின் பட்டையழகு கண்ணைப் பறிப்பது. இலைதான் சிறு மரத்துக்குப் பெரிதாகிவிடுகிறது, ஆகையால் அதை ஓரடிக்கு மேற்பட்ட அளவுக்கே ஒதுக்கலாம். தெற்றியும் செம்பரத்தியும் வேர்விடுவதில் குறையற்றவை என்றாலும் அவற்றின் கிளைகள் அடியிலிருந்தே புதராகக் கிளம்புவதால் ஒற்றை அடிமரம் என்னும் லட்சணம் எளிதில் கைகூடாது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடைபெறும் வாவுபலிப் பொருட்காட்சியில் மரக்கன்றுகள் வாங்குவோர், கன்றின் உயரத்தைப் பார்ப்பதோடு, பின்னாளில் பதியமிடத் தக்க தாய்மரம் ஆகுமா என்ற நோக்கோடும் தெரிவு செய்தால், வீட்டு விளையிலேயே பல்லாண்டுப் பயன் கிட்டும். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையம் தேனீ வளர்ப்பை வீட்டோரத் தொழிலாகக் கற்பித்ததும், அந்தத் தேன் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதும் நாம் அறிந்தவை. முற்றத்தின் ஓரத்தில், நிலமில்லாதவரும் செய்யத்தக்க நுண்தொழில்களுக்கு இம்மண்ணில் வேர் உண்டு. பதியத்தால் வளர்க்கும் குறுமரமும் அவ்வகையில் சேரத்தக்கதே.

மரத்தைக் குறுக்குவது கொடுமை என்னும் ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தொட்டி மரம் பட்டினி கிடப்பதில்லை. உரமும் நீரும் ஒளியும் பெற்று, ஆண்டுக்கு ஆண்டு புதிய வேரும் இலையும் விட்டு, கவனிப்பாரிருந்தால் காட்டிலுள்ள தன் இனத்தைவிட நீண்டகாலம் வாழ்வதும் உண்டு. கண்டிக்கத் தக்கது, காட்டில் பல ஆண்டு நின்ற கிழமரங்களை வேரோடு பெயர்த்துக் கொணரும் வழக்கமே. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்து மலைக்காடுகள் நம் ஆறுகளுக்குத் தாய். சட்டமும் அவற்றைக் காக்கிறது. விண்பதியமோ தாய்மரத்துக்கு ஒரு கிளை வெட்டிய நஷ்டத்தைத் தவிர வேறொன்றும் விளைப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, வேறெந்த அனுகூலமும் இல்லாவிட்டாலும், நான் இம்முறையை மேலாகக் கொள்வேன்.

புளியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது எல்லாவற்றினும் சிறந்த வடிவம் தருவதும், எல்லாவற்றினும் பிடிவாதம் உள்ளதுமாக இருப்பதே. அதன் சிற்றிலைகள் குறுமரத்துக்கென்றே படைத்தவைபோல் அமைந்திருக்கின்றன; இரவில் கூம்பி விடியலில் விரிவதால் கிளைப்பின்னலையும் நாள்தோறும் ஒருமுறை காணக் கொடுக்கிறது; பட்டையோ இளமையிலேயே வெடித்து முதுமை காட்டுகிறது. ஆனால் விண்பதியத்தில் அது மெல்லவே இணங்குகிறது. பென்சில் பருமனிலிருந்து சுண்டுவிரல் பருமன் வரையுள்ள இளங்கிளையை எடுத்து, வளையத்தை அகலமாக இட்டு, வேரூக்கியைத் தவறாமல் பூசி, ஆவணியில் அறுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு ஐப்பசி மழை முடியும்வரை தாய்மரத்திலேயே விட்டுவைக்க வேண்டும். ஒரே மரத்தில் நாலைந்து கிளைகளுக்குச் சேர்த்து வளையமிட்டால் ஒன்றிரண்டாவது தேறும்; தேறியதை உடனே ஆழமற்ற தொட்டிக்கு மாற்றாமல் இரண்டாண்டு நிலத்தில் ஓட்டுத் துண்டின்மேல் வளரவிட்டு, அடி தடித்தபின் எடுக்கலாம். எடுக்கும் பருவம் தை மாதமன்று. புதுத்துளிர் விடும் தறுவாயான சித்திரையின் முதல் மழைக்குப் பிந்திய நாட்களே அதற்கு உகந்தவை.